முனை சீவாத பெட்டிகள்

கோவில்பட்டி
9.6.2013

எல்லப்பனுக்கு,

போனில் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், நான் கத்துவேன், இந்தச் சின்ன வீட்டில் அப்பாவும் அம்மாவும் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். எழுதினால் நான் முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது.

நடந்ததைச் 'சின்ன விஷயம்' என்றீர்கள். அந்தச் சின்ன விஷயத்தை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை. தெரியாதவரைப்போல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நின்றீர்களே, அந்த முகத்துக்காக எழுதுகிறேன்.

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க என் அலமாரியில், தண்ணீரில் உலோகம் பார்க்கும் நம் மீட்டரின் ஸ்ட்ரிப் இல்லை. அனுப்புவதற்குக் கட்டி வைத்திருந்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தேன். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைக்குப் போக வேண்டிய பெட்டி அது. நானே ஈயம் கலந்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு ஸ்ட்ரிப்பை முக்கினேன். ஈயம் இல்லை என்றது மீட்டர். இன்னொன்றை முக்கினேன். அதுவும் இல்லை என்றது. பெட்டி முழுவதும் அப்படித்தான்.

நாம் இருவரும் சேர்ந்து வளர்த்தெடுத்த பொருள் அது. இரும்புத் துகள் பூசிய தகட்டை உலையில் வைத்து வாயுவைச் செலுத்தினால், நாற்றங்காலில் நாற்று எழும்புவதுபோல கார்பன் நானோகுழாய்கள் நெருக்கமாக, எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து எழும். மயிரிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியவை. இடையில் பிசின் ஊற்றி இறுக்கி, மேல்முனைகளைச் சீவித் திறந்துவிட்டால்தான் அவற்றுக்கு உயிர். குழாயின் பக்கச் சுவர் மந்தம். திறந்த முனையில்தான் மின்சாரம் தாராளமாகப் போய்வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களை அந்த முனைகளில் படிய வைத்து, பிறகு வோல்டேஜை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் தன் இடம் வந்ததும் கழன்று இறங்கும். "ஷிஃப்ட் பஸ் மாதிரிம்மா. மொதல்ல காட்மியம் எறங்கும், அடுத்த ஸ்டாப்ல ஈயம் எறங்கும். எத்தினி பேர் எறங்குனாங்கன்னு எண்ணிக்கினா போதும்" என்று பயிற்சி வகுப்பில் நீங்கள் சொல்வீர்கள். பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் இருந்த ஒன்றுகூடச் சீவப்படவில்லை. பிசின் மூடிய குருட்டு ஸ்ட்ரிப்புகள். சீவும் அறைக்குப் பொறுப்பு நீங்கள்.

அன்று சாயங்காலம் நல்ல ஸ்ட்ரிப் நாலைந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, நம் தெரு போர்வெல் தண்ணீரைப் பார்த்தேன். ஆலைக் கழிவு ஓடும் கால்வாயை ஒட்டியிருக்கும் போர். ஈயம் இறங்குகிற இடத்தில் கோடு செங்குத்தாக ஏறியது. குடிநீரில் இருக்கலாம் என்று சொல்லப்படும் அளவைப்போல ஏழெட்டு மடங்கு. இந்தத் தண்ணீரிலா நம் குழந்தை கனிஷ்காவுக்குக் கஞ்சி வைத்தேன் என்று நான் பதறியபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இன்னாத்துக்கு இப்டி ஆடுறே? நம்ம வூட்டுக்குத்தான் பங்குனிலேர்ந்து கேன் தண்ணி வருதே."

பங்குனியிலிருந்து.

அடுத்த வாசலில் உங்கள் தங்கை ஜோதி இருக்கிறாள். கணவன் செத்த பிறகு, தெற்கேயிருந்து வேலைக்கு வரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள். அவள், அவள் மகள் மோனிஷா, அந்தப் பிள்ளைகள், எல்லோரும் அந்தப் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். கேனைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டித்தானே தினமும் வந்தீர்கள்?

அன்று நான் வாந்தி எடுத்ததைப் பித்தம் என்றீர்கள். உங்கள் சட்டையிலிருந்து அடித்த பிசின் வாடைதான் காரணம். அதே வாடையில் பத்து வருடம் தலை சாய்த்திருக்கிறேன்.

ஜோதியிடம் சொல்லிவிட்டீர்களா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சுகப்பிரியா


கொல்லமேடு, ஒரகடம் வழி
17.6.2013

அன்புள்ள சுகா,

கல்லூரி லேபில் தொடங்கி இந்த வைகாசி வரை 'நீ' என்று பேசிய வாய், இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறது. மற்றதையெல்லாம் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குச் செருப்படி விழுந்துவிட்டது.

உன் கேள்விக்குப் பதில்: இன்னும் சொல்லவில்லை.

காரணத்தையும் கேள். ஈயத்தைக் கொட்டியது நானில்லை. பேட்டரி ஆசிட்டோடு அதைக் கால்வாயில் விடுகிறவன் ஆலைக்காரன். சண்முகசுந்தரம் சார் ஒருநாள் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, "எல்லப்பா, அவங்க ஆர்டருக்கு மட்டும் சீவுற ஸ்டெப் வேணாம்" என்றார். ஏன் சார் என்றேன். "அந்தக் கஸ்டமருக்கு அவ்வளவு சென்சிடிவிட்டி தேவையில்ல" என்றார். இன்று கம்பெனி நடத்துகிறவர், அன்று நமக்குப் பாடம் எடுத்தவர். தசமப் புள்ளி தவறினால் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிந்தவர். அந்த வாயிலிருந்து வந்ததால் அதுவும் ஒரு பாடம் போலத்தான் காதில் விழுந்தது. சோதனைக்கு வரும் அதிகாரி முன்னால் நம் மீட்டரை வைத்துக் காட்டினால் ஆலைக்கு வேலை முடிந்தது. அந்த ஆர்டர் போனால் நம் கம்பெனி நிற்காது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகளெல்லாம் நடுத்தெருவில் நிற்கும். இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று நினைத்தாயா?

கேன் விஷயம். சந்தேகம் வந்து ஒருநாள் பார்த்தேன். உனக்கு வந்த கோடுதான் எனக்கும் வந்தது. முதலில் குழந்தைக்கு ஒரு வழி செய்யத் தோன்றியது. எந்த அப்பனுக்கும் அப்படித்தான் தோன்றும். ஜோதியிடம் சொன்னால் அவள் அறைகள் காலியாகும். அவள் பிழைப்பே அதுதான். தெருவெல்லாம் பரவும். "ஒனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்பார்கள். மழை வந்தால் குறையும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ வளர்த்த ஸ்ட்ரிப்புக்குக் கண் ரொம்பக் கூர்மை, சுகா. மற்றவர்களுடைய மீட்டர் பார்க்காததையெல்லாம் பார்க்கிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே யாரும் வாழ முடியாது.

சென்னையில் நம் மீட்டருக்கு விருது கொடுக்கிறார்கள். மேடையில் நீ நிற்க வேண்டும் என்று சார் சொல்கிறார். உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கனிஷ்கா என்னைக் கேட்கிறாளா?

எல்லப்பன்


கோவில்பட்டி
26.6.2013

எல்லப்பனுக்கு,

கேட்கிறாள். அப்பா வேலைக்குப் போயிருக்காங்க என்று அம்மா சொல்லிச் சமாளிக்கிறாள். என்ன வேலை என்று குழந்தை கேட்கும் வயது வரும்போது நான் என்ன சொல்வது?

விருதுக்கு வரமாட்டேன். குருட்டு ஸ்ட்ரிப்புக்குப் பொன்னாடை போர்த்துகிற மேடையில் கை தட்டுகிற சத்தத்தை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

நேற்று செல்லக்கனியின் அம்மா வந்திருந்தாள். ஜோதியின் கடைசி அறையில், கார் கம்பெனிக்குப் போகிற கொம்பையாவின் மனைவி செல்லக்கனி இருக்கிறாளே, வயிற்றுப்பிள்ளைக்காரி, அவளுடைய அம்மா. உங்கள் ஊரிலிருந்து நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, மகளைப் பற்றி விசாரிக்க வெயிலில் நடந்தே வந்துவிட்டாள். இங்கே குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருக்கிறோம். அவள் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"அங்க போர்த்தண்ணி நெனச்ச நேரமெல்லாம் கொட்டுதாம்லா தாயி. மாசமா இருக்கவன்னு அந்த ஜோதியம்மா செம்பு செம்பா மோந்து குடுக்காளாம். எம் மவ குடுத்து வச்சவ."

நான் தலையை ஆட்டினேன். அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் அங்கே செய்ததை நான் இங்கே செய்திருக்கிறேன். தெரிந்துகொண்டு தலையை ஆட்டியிருக்கிறேன்.

உடனே செல்லக்கனிக்குப் போன் போட்டேன். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே, கேன் வாங்கு என்றேன்.

"ஏன்க்கா?"

"கெட்டுப் போயிருக்கு."

"அப்பம் கொதிக்க வச்சுக் குடிக்கேன்க்கா."

வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். ஈயம் அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். அதை அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். ஈயம் என்று சொன்னால் அடுத்து உங்களைப் பற்றித்தான் கேட்பாள், "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று. தண்ணீரில் புழு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உங்களோடு குடும்பம் நடத்தியதில் இந்த அளவுக்குப் பொய் எனக்கும் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வாழ முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததால்தான் கேன் வாங்கினீர்கள். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

மழை வந்தால் குறையும்! எம்.எஸ்சி. வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய கை எழுதிய வரி. த்தூ.

ஜோதியிடம் சொல்லுங்கள். நான் போனில் சொன்னால் அண்ணனை விட்டுப் போனவள் பழி போடுகிறாள் என்றுதான் நினைப்பாள். உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவாள்.

சுகப்பிரியா


கொல்லமேடு
6.7.2013

சுகா,

புழு என்று சொன்னாயே, அது என்ன ஆயிற்று தெரியுமா? செல்லக்கனி தெரு முழுக்கச் சொன்னாள். ஜோதி ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கொட்டினாள். இப்போது தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகக் குடிக்கிறார்கள். செல்லக்கனியும்தான். ஜோதி என் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"இன்னாண்ணா, அண்ணி அங்க குந்திகினு இங்க புரளி கெளப்புது? எம் ரூமெல்லாம் காலி பண்ணணும், அதானே அதுக்கு?"

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "அவளுக்கு ஏதோ கோவம், விடு" என்றுதான் வந்தது. நீ காறித் துப்புவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சார் விருதை வாங்கி வந்து கம்பெனி வாசலில் மாட்டிவிட்டார். எல்லோருக்கும் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். நான் வாங்கி வந்ததை மோனிஷாவுக்குக் கொடுத்தேன். வேண்டாம் மாமா, வயிறு வலிக்குது என்றாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தானாம். சரியாகச் சாப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. ரத்தம் குறைவு என்று டானிக் எழுதித் தந்திருக்கிறார்கள். ஆட்டமும் ஓட்டமுமாக இருந்தவள், இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள்.

என்ன செய்யட்டும், சொல்.

எல்லப்பன்


கோவில்பட்டி
10.7.2013

மோனிஷாவின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுவலி, சோகை, மந்தம். நாம் விற்கிற மீட்டரின் விளம்பரத் தாளிலேயே இந்த மூன்றும் அச்சாகியிருக்கிறது. எழுதியது நீங்கள்தான்.

கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் போனில் செய்தியும் அனுப்பிவிட்டேன். செய்தியை அழித்துவிடுவீர்கள். அதனால் இதையும் எழுதுகிறேன்.

டாக்டரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள். ஜோதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இந்த வாரம் நீங்கள் சொல்லவில்லை என்று தெரிந்தால் நானே கிளம்பி வருவேன். அப்போது நடுத்தெருவில் நின்று சொல்வேன்.

சுகப்பிரியா


கொல்லமேடு
31.7.2013

சுகா,

சொல்லிவிட்டேன்.

உன் செய்தி வந்த மறுநாள் காலையில், ஜோதியையும் மோனிஷாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "ஈயம் பாருங்க சார்" என்றேன்.

"வீட்ல யாராவது பேட்டரி வேலை பாக்கறாங்களா?"

"இல்ல சார். குடிக்கிற தண்ணியில கீது."

"யார் சொன்னது? டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்."

ஜோதி திரும்பி என்னைப் பார்த்தாள். ரத்தம் எடுத்து முடித்து, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் கேட்டாள்.

"ஈயம்னா? ரசம் வைக்கிற ஈயச் சொம்பு கீதே, அதுவா?"

"அது வெள்ளீயம்மா. இது காரீயம். பேட்டரிக்குள்ள இருக்கறது. வெஷம்."

"நீ எப்போ டெஸ்ட் பண்ணே?"

நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் மோனிஷாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "உங்க வூட்டுக்குக் கேன் எப்போலேர்ந்து வருது?" என்றாள். அது கேள்வியில்லை. பஸ் வந்தது. மோனிஷாவை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே உள்ளே போனாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். வாசலில் நின்றுகொண்டு என்னிடம் நீட்டினாள். செல்லக்கனியும் மற்றப் பெண்களும் அறை வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடி."

"ஜோதி..."

"குடிண்ணா. எம்பொண்ணு குடிச்சா. தாலி கட்டிகினு வந்து வயித்த தள்ளிகினு நிக்குதே இந்தப் பொண்ணு, இதுக்கு எங்கையாலயே மோந்து குடுத்தேன். நீ ஒரு வாய் குடி."

ஒரு டம்ளர் குடித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, சுகா. படித்தவன், எனக்குத் தெரியும். உதடுவரை கொண்டுபோனேன். குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே இறக்கும்போது தண்ணீர் சட்டையில் சிந்தியது. ஜோதி டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினாள்.

"இத்த நாய்க்கு வைக்கக்கூட இனிமே எனக்கு மனசு வராது. ஒனக்கு எப்டிண்ணா வந்துச்சு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ஏதோ மிதித்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய், நம் சமையலறையில் இருந்த கேனைப் பார்த்தேன். அன்று நீ எதற்கு வாந்தி எடுத்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரிசல்ட் வந்துவிட்டது. அதிகம்தான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். படிப்பு எப்படி வரும் என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

செல்லக்கனியைக் கொம்பையா அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிட்டான். தெரு கேன் தண்ணீருக்கு மாறிவிட்டது. வாங்க முடியாதவர்கள் தூரத்துக் கிணற்றுக்கு நடக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் நடேசனிடம் போனோம். "ஆலைக்காரன் மிஷின் வெச்சிப் பாத்து ஒண்ணும் இல்லன்றானே" என்கிறார். நம் மிஷின், சுகா. சுதந்திர தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அங்கே வந்து எல்லோர் முன்னாலும் காட்டு என்கிறார். சாரிடம் சொன்னேன். "விருத மாட்டுன ஆணியோட சூடே சொவத்துல இன்னும் ஆறல. இப்பப் போயி நாமளே நம்ம முகத்துல சாணி அடிச்சிக்கணுமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு நானும் எத்தனையோ முறை டீ குடித்திருக்கிறேன்.

நல்ல ஸ்ட்ரிப் கொஞ்சம் என் கைவசம் இருக்கிறது. நானே சீவினேன். எப்படிக் காட்டினால் ஊர் நம்பும்? அதை மட்டும் சொல்லு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

எல்லப்பன்


கோவில்பட்டி
6.8.2013

எல்லப்பனுக்கு,

பேச்சு எதுவும் வேண்டாம். வோல்டேஜ், நானோ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள்.

ஏரியில் வலை வீசுகிறவர்களிடம் வலைக்குண்டு இரண்டு வாங்குங்கள். அது ஈயம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று நாள் வினிகரில் ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை ஒரு செம்பு நல்ல தண்ணீரில் அவர்கள் கண் முன்னாலேயே கலக்குங்கள். அதில் முதலில் நான் பிரித்து வைத்த ஆலைப் பெட்டியின் ஸ்ட்ரிப்பை முக்கிக் காட்டுங்கள். குருடு என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சீவியது. அதன் பிறகு கேன் தண்ணீர். கடைசியில் போர் தண்ணீர். போர் தண்ணீரை நீங்கள் மொள்ளாதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் மொண்டு வரட்டும். மீட்டரில் வருவதைத் தலைவரே மைக்கில் படிக்கட்டும்.

எப்போது தெரியும் என்று கட்டாயம் கேட்பார்கள். பங்குனி என்று சொல்லுங்கள்.

செல்லக்கனியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். அவள் இரத்தத்திலும் இருக்கிறது, மோனிஷாவின் அளவுக்கு இல்லை. குழந்தைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது. திரும்பி வரும்போது அவள் அம்மா பஸ்ஸில் கேட்டாள், "ஒம் மாப்பிள்ளைக்கு முன்னாடியே தெரியுமாம்லா?" ஆமா என்றேன். அவள் எழுந்து போய் வேறு ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

சுகப்பிரியா


கொல்லமேடு
18.8.2013

சுகா,

நீ சொன்னபடியே செய்தேன்.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஷாமியானா. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு கூட்டம். சண்முகசுந்தரம் சார் வந்திருந்தார், ஆலை மேனேஜரோடு ஒரே காரில். இரண்டு பேருக்கும் முன் வரிசையில் நாற்காலி.

வலைக்குண்டுத் தண்ணீரில் ஆலைப் பெட்டி ஸ்ட்ரிப்பை வைத்தேன். நடேசன் குனிந்து பார்த்து, "இல்லன்னு வருது" என்று மைக்கில் சொன்னார். பின்னாலிருந்து ஒருத்தன், "குண்ட ஊற வெச்ச தண்ணிலயே ஈயம் இல்லியா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தது. நான் சீவிய ஸ்ட்ரிப்பை வைத்தேன். நடேசன் எண்ணைப் படித்தார். சிரிப்பு நின்றது. சார் எழுந்து, "ஸ்டோரேஜ் ப்ராப்ளம். பழைய ஸ்டாக். எல்லாக் கம்பெனியிலயும் நடக்கறதுதான்" என்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோதி போர் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அதற்காகவே வந்திருந்தாள். குடத்தைச் சாரின் நாற்காலிக்கு முன்னால் இறக்கி வைத்தாள்.

கேன் தண்ணீரில் ஒன்றுமில்லை. போர் தண்ணீரில் அதே கோடு. நடேசன் அந்த எண்ணை இரண்டு முறை படித்தார். அவர் பேரனும் அந்தத் தெருதான்.

பிறகு சந்திரம்மாள் எழுந்தாள். கீரைக் கட்டு விற்பாளே, அவள்தான்.

"இத்த நீ மொதல்ல எப்போடா பாத்தே?"

"பங்குனியில."

"சித்திர போச்சு, வைகாசி, ஆனி, ஆடி போச்சு. தெனம் எங்கையில கீர வாங்கிகினு போனியே, அப்போல்லாம் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அவள் என் காலருகே துப்பிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். என்னைச் சுற்றி இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அந்த வட்டத்தின் நடுவில் மீட்டரைப் பெட்டியில் வைத்து மூட எனக்கு ரொம்ப நேரமானது.

போருக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். லாரித் தண்ணீர் வருகிறது. அதிகாரிகள் கால்வாயிலும் போரிலும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், இந்த முறை தங்கள் லேபில் பார்ப்பார்களாம். ஆலை வாசலில் 'பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்று பலகை. கம்பெனியில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சார் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "உன்ன நான் ஆளாக்குனேன்." ஆமாம் சார் என்றேன். அதில் பொய் இல்லை.

டீக்கடையில் நான் போனால் பெஞ்சு காலியாகிறது. சுற்றியிருக்கும் குப்பங்களிலெல்லாம் போர்கள் இருக்கின்றன, அவற்றை யார் பார்ப்பது என்று நடேசன் கேட்கிறார். நான் பார்க்கிறேன் என்றேன். "நீ பாத்தா எவன் நம்புவான்?" என்றார்.

நீ வருவாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்டுவிட்டேன்.

எல்லப்பன்


கோவில்பட்டி
29.8.2013

எல்லப்பனுக்கு,

ஜோதி போன் செய்தாள். மோனிஷா இரண்டு இட்லி சாப்பிட்டாளாம், நர்சம்மாவிடம் சண்டை போட்டாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. பிறகு, "அண்ணி, நீ வா. நீ பாத்துச் சொன்னா நம்புவாங்க. எங்கூட இரு. ஒரு ரூமு காலியாத்தான் கீது" என்றாள்.

வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை கனிஷ்காவோடு கிளம்புகிறேன். வல்லம் வடகாலிலிருந்து வடக்குப்பட்டு வரை, கேட்கிற ஊர்களில் எல்லாம் போர் தண்ணீரைப் பார்க்கப்போகிறேன். ஸ்ட்ரிப்புகளைச் சீவ ஆள் வேண்டும். உங்களைவிட நன்றாகச் சீவுகிறவர் எனக்குத் தெரிந்து இல்லை. சீவி, பெட்டியில் வைத்து, ஜோதியிடம் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொன்றையும் வலைக்குண்டுத் தண்ணீரில் சோதித்த பிறகுதான் தொடுவேன். ஒவ்வொரு முறையும்.

கிராம சபையில் நீங்கள் 'தெரியும்' என்று சொன்னதை ஜோதி என்னிடம் மூன்றுமுறை சொன்னாள். அதை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். அந்தச் சமையலறையில் நின்று என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. சாயங்காலங்களில் ஜோதி வாசலுக்கு வந்து குழந்தையைப் பாருங்கள், விளையாடுங்கள். நான் உள்ளே இருப்பேன். கோபமாக இருந்தால் இந்நேரம் தணிந்திருக்கும், எழுதி எழுதித் தீர்த்திருப்பேன். உங்கள் கையெழுத்தைக் கண்டாலே இப்போதும் எழுந்து போய்க் கையைக் கழுவுகிறேன். இந்த அருவருப்பு எதனால் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. போனால் நானே வாசலுக்கு வந்து சொல்கிறேன்.

சுகப்பிரியா